மலையில் இருந்து பாறை உருண்டு வருவது ஏன்? மழை மட்டும்தான் காரணமா?

2024 டிசம்பர் 1. ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்த மறுநாள், திருவண்ணாமலை வ.உ.சி. நகரில் மலையில் இருந்து மண்ணும் பாறையும் சரிந்து வீட்டின் மீது விழுந்தன. 5 குழந்தைகள் உட்பட 7 பேர் உயிரிழந்தனர்.

கனமழைதான் காரணம் என்றார்கள். அது சரிதான். ஆனா, அவ்வளவு பெரிய பாறை மலையில் இருந்து தனியாகப் பிரிந்தது எப்படி? அது ஒரே நாள் மழையில் நடக்கிற வேலை இல்லை. அதற்குப் பெயர் வானிலைச் சிதைவு. எப்படி நடக்கிறது? பார்க்கலாம்.

விரிசல் எங்கே தொடங்குகிறது?

தமிழ்நாட்டின் பல குன்றுகள் கருங்கல் வகைப் பாறைகளால் ஆனவை. இவை பூமிக்குள் ஆழத்தில், பெரும் அழுத்தத்தில் உருவானவை. மேலே இருந்த அடுக்குகள் பல கோடி ஆண்டுகளில் அரித்துப் போனதும், சுமை குறைந்து பாறை லேசாக விரிகிறது. அப்போது விரிசல்கள் விழுகின்றன. சில இடங்களில் வெங்காயத் தோல் மாதிரி பாறை உரிந்து வருவதற்கும் இது ஒரு காரணம்.

இமயமலை போன்ற குளிர் பகுதிகளில் விரிசலுக்குள் புகும் தண்ணீர் உறைந்து பனிக்கட்டி ஆகும்போது சுமார் 9% விரிவடைந்து பாறையைப் பிளக்கும். நம்ம ஊர் குன்றுகளில் அந்த வேலையைச் செய்வது பெரும்பாலும் மழைநீரும் மர வேர்களும்தான்.

கல்லைக் கரைக்கும் மழை

காற்றில் உள்ள கார்பன் டை ஆக்சைடு மழைநீரில் கரைந்து லேசான அமிலமாகிறது. சோடாவில் இருக்கும் அதே கார்பானிக் அமிலம்தான், ஆனா ரொம்ப நீர்த்தது. கருங்கல்லில் உள்ள ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமத்தை இது மெல்ல மெல்லக் களிமண்ணாக மாற்றுகிறது. குவார்ட்ஸ் என்ற கனிமம் மட்டும் அசையாது, மணலாக உதிர்ந்துவிடும்.

உருண்டைப் பாறைகள் ஏன்?

கற்கண்டை வாயில் போட்டால் முதலில் முனைகள்தானே கரையும்? பாறையிலும் அதே கதைதான். மூலைகளை மூன்று பக்கத்தில் இருந்தும் தண்ணீர் தாக்குவதால் அவை சீக்கிரம் சிதைகின்றன. நடுவில் உறுதியான உருண்டை மட்டும் மிஞ்சுகிறது. மாமல்லபுரத்தின் 'வெண்ணெய் உருண்டை' கல்லும் இப்படி இயற்கையாக உருவானதுதான்.

ஆபத்து எங்கே?

உருண்டையைச் சுற்றி மிஞ்சுவது மணலும் களிமண்ணும். காய்ந்திருக்கும் வரை அது பாறையைத் தாங்கிப் பிடிக்கும். விடாமல் மழை பெய்தால் தண்ணீர் ஊறி கனம் கூடும், மண்ணின் பிடிப்பு குறையும். ஒரு கட்டத்தில் மொத்தமாக வழுக்கிவிடும். சரிவின் அடிவாரத்தை வெட்டி வீடோ சாலையோ போட்டிருந்தால், தாங்கும் பலம் முன்பே குறைந்திருக்கும்.

கவனிக்க வேண்டியவை

* சரிவிலோ வீட்டுச் சுவரிலோ புதிய விரிசல்
* மரங்கள், மின்கம்பங்கள் திடீரென சாய்வது
* ஊற்று நீர் கலங்கி வருவது
* சிறு கற்கள் தொடர்ந்து உருண்டு விழுவது

தொடர் மழையில் இதில் எதைப் பார்த்தாலும் "மழை விடட்டும்" என்று காத்திருக்க வேண்டாம். உடனே அங்கிருந்து வெளியேறி, 1077 என்ற மாவட்டப் பேரிடர் உதவி எண்ணுக்குத் தகவல் கொடுங்கள். மழை நின்ற பிறகும்கூட ஊறிய மண் சரியலாம் என்பதால், அதிகாரிகள் சொல்லும் வரை வீடு திரும்பாமல் இருப்பதே பாதுகாப்பு.