மூன்று படி அரிசியும் ஒரு நோட்டுப் புத்தகமும்

தேர்தல் கூட்டத்துக்குப் போகும் நிருபன் கையில் நோட்டுப் புத்தகம் இருக்கவே கூடாது. 1967 பிப்ரவரியில், சென்னையில் எனக்குப் பிறந்த ஞானம் இது!

அரிசிக்குத் தவம் கிடந்த காலம். ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம் என்று தி.மு.க. சொல்லிக்கொண்டிருந்தது. போதாக்குறைக்கு, ஜனவரி 12-ந் தேதி எம்.ஜி.ஆர். சுடப்பட்டிருந்தார். கழுத்தில் கட்டோடு அவர் இருக்கும் சுவரொட்டியைப் பார்த்துக் கண் கலங்காத பெண்கள் குறைவு. அண்ணாதுரை பேசுகிறார் என்றால் கூட்டத்துக்குக் கேட்கவா வேண்டும்?

உள்ளே நான் நடந்து போகவில்லை. ஜனங்கள் என்னைக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். சேர்த்த இடம் பெண்கள் பகுதி. வலது கால் செருப்பு மட்டும் வந்து சேரவில்லை.

தாமதமாக வருவதில் அண்ணா பேர் பெற்றவர். சும்மா நிற்பானேன் என்று நோட்டைத் திறந்தேன். வந்தது வினை!

"அரிசிக்குப் பேர் எழுதறியா தம்பி? நம்ம வூட்டிலே ஏழு உசிரு, எழுதிக்க" என்றாள் சுண்டல் கூடையோடு இருந்த ஒரு கிழவி.

"நான் பத்திரிகைக்காரன், பாட்டி."

"யாரா இருந்தா இன்னா? எழுதத் தெரியுதில்லே?"

அவ்வளவுதான், என்னைச் சுற்றி ஒரு கியூ! ஒருத்தி கைக்குழந்தையையும் ஒரு தலையாகச் சேர்க்கச் சொன்னாள். இன்னொருத்தி, "பட்டணம் படியா, சின்னப் படியா?" என்று கேட்டாள். கிலோ வந்து படியை ஓரங்கட்டியிருந்த சமயம். நியாயமான கேள்விதான், எனக்குத்தான் பதில் தெரியவில்லை.

அண்ணா வந்தார், பேசினார், கைதட்டல் வானைப் பிளந்தது. மறுநாள் ஆசிரியர் நோட்டை வாங்கிப் பார்த்தார். பேச்சில் ஒரு வரி கூட இல்லை. இருபத்திரண்டு குடும்பங்களின் ஜாபிதா இருந்தது!

தி.மு.க. ஜெயித்தது. அந்த வருஷமே சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி அரிசி போட்டார்கள். அதைப் பற்றி எழுத ஒரு கடைக்குப் போனேன். நோட்டை மறக்காமல் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டுதான்.

வரிசையில் நின்ற சுண்டல் கிழவி என்னை அடையாளம் கண்டுகொண்டாள். பையிலிருந்த அரிசியை ஒரு பிடி அள்ளி, முகர்ந்து பார்த்தாள். முகம் மலர்ந்தது. பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"எழுதிக்கினு போனியே தம்பி, பாக்கி ரெண்டு படி எங்கே?"