கம்பம் பள்ளத்தாக்கில் வீட்டுத் தண்ணீர்: ஊருக்கு ஊர் வேறுபடுவது ஏன்?

பருப்பு வேகவில்லையென்றால் பருப்பைக் குறை கூறுவதும், சோப்பு நுரைக்கவில்லையென்றால் கடைக்காரரைக் குறை கூறுவதும் நம் கிராமங்களில் வழக்கம். பெரும்பாலும் குற்றம் தண்ணீரினுடையது.

நாம் முன்பு பணியாற்றிய வட்டாரமொன்றில், மேட்டுநிலக் கிராமம் ஒன்றுக்கு ஆழ்துளைக் கிணறு தோண்டி, மோட்டார் பொருத்தி, மேல்நிலைத் தொட்டியும் கட்டித் தந்தோம். தண்ணீர் தாராளமாகவே வந்தது. ஆயினும் சில மாதங்கள் கழித்துப் பார்வையிடச் சென்றபோது, பெண்கள் குடங்களுடன் பழையபடி கண்மாய்க்கரைக் கிணற்றுக்கே நடந்துகொண்டிருந்தனர். "குழாய்த் தண்ணீரில் பருப்பு வேகாது ஐயா" என்றார் ஒரு மூதாட்டி. நாம் தண்ணீரின் அளவைப் பார்த்தோமேயன்றித் தன்மையைப் பார்க்கவில்லை. அந்தப் பிழை பிற ஊர்களில் நேராதிருக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கடின நீர் என்பது யாது?

தண்ணீரில் கரைந்துள்ள சுண்ணாம்புச் சத்தும் மக்னீசியச் சத்துமே அதன் கடினத் தன்மைக்குக் காரணம். இவை கண்ணுக்குத் தெரியா. தெளிந்த நீரும் மிகக் கடின நீராக இருக்கலாம். கடினத் தன்மை வேறு, உப்புக் கரிப்பு வேறு என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்; இரண்டும் ஒரே கிணற்றில் சேர்ந்திருப்பதும் உண்டு.

இதை லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று கணக்கிடுவர். 2012ஆம் ஆண்டின் இந்தியத் தர நிர்ணயப்படி, குடிநீரில் லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 600 மில்லிகிராம் வரை அனுமதிக்கலாம்.

ஆற்று நீர் மென்மையாக இருப்பது ஏன்?

பெரியாறு நீர்ப்பிடிப்புப் பகுதி பெருமழை பொழியும் காட்டுப் பகுதி. அங்குள்ள பழமையான கரும்பாறைகள் எளிதில் கரைவன அல்ல. பெய்த மழை அவற்றின்மேல் விரைந்தோடி ஏரியில் சேர்ந்துவிடுகிறது. பாறையுடன் அது உறவாடும் காலம் குறைவு. ஆகவே அதில் கரையும் சத்துக்களும் குறைவு. மேற்கே அரபிக் கடலை நோக்கி ஓடிய இந்நீர், 1895ஆம் ஆண்டில் பென்னிகுயிக் கட்டி முடித்த அணையினால் தேக்கப்பெற்று, மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே நம் பக்கம் திருப்பப்பட்டது. லோயர் கேம்ப்பில் இறங்கிக் கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் வழியாகச் சென்று வைகையில் கலக்கும் இந்நீர், பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நெல் நிலத்துக்கு உயிராக இருப்பதோடு, கரையோர ஊர்களின் அடுப்படிக்கும் மென்னீராக உதவுகிறது.

கிணற்று நீர் கடினமாவது ஏன்?

பள்ளத்தாக்கின் தரையோ மலை மறைவில் உள்ளது. தென்மேற்குப் பருவக்காற்று மேற்கு மலையிலேயே தன் மழையைப் பெரும்பாலும் கொட்டிவிடுகிறது. இங்குப் பெய்யும் மழை மண்ணில் இறங்கும்போது, வேர்கள் வெளிவிடும் கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு சற்றே புளிப்புத் தன்மை அடைகிறது. அப்புளிப்பு, பாறையிலும் சுக்கான் கல்லிலும் உள்ள சுண்ணாம்பையும் மக்னீசியத்தையும் மெல்லக் கரைக்கிறது. பாறை வெடிப்புகளில் அந்நீர் பல ஆண்டுகள் தங்க நேர்ந்தால் கடினத் தன்மை ஏறிக்கொண்டே போகும். ஆழம் கூடக் கூட நீரின் வயது கூடுவதே பொதுவான இயல்பு. வெயில் மிகுந்த நிலத்தில், பாய்ச்சிய நீர் ஆவியாகிவிட, அதிலிருந்த சத்துக்கள் மட்டும் மண்ணில் தங்கி, அடுத்த பாய்ச்சலில் கிணற்றுக்கே திரும்புவதும் ஒரு காரணம்.

இவற்றிலிருந்து நாம் அறிவது ஒன்று: நீரின் கடினத்தைத் தீர்மானிப்பது ஊரின் பெயரன்று, அந்நீர் நடந்து வந்த வழியும், தங்கியிருந்த காலமுமே. ஆகவேதான் ஒரே ஊரிலும் வேறுபாடு காண்கிறோம். கண்மாய்க்கரையிலோ வாய்க்கால் ஓரத்திலோ உள்ள திறந்த கிணற்றில் புதிய நீர் ஊறுவதால் அது மென்மையாக இருக்கும். அரை மைல் தள்ளி, பாறையைத் துளைத்த ஆழ்துளைக் கிணற்றில் நுரை வராது. லோயர் கேம்ப்பிலிருந்து போடி வரை மேட்டுநிலக் கண்மாய்களை நிரப்பும் 18ஆம் கால்வாயில் தண்ணீர் வரும் ஆண்டில், அக்கண்மாய்களை அடுத்த கிணறுகளின் நீர் தன்மை மாறுவதற்கும் காரணம் இதுவே. ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பின் இளகும் கிணற்று நீர் சித்திரை, வைகாசியில் மீண்டும் கடினமாகும். கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் ஆற்று நீரும் ஊர் ஆழ்துளைக் கிணற்று நீரும் ஒரே தொட்டியில் ஏற்றப்படும் இடங்களில், ஒரே குழாயின் நீர் நாளுக்கு நாள் மாறுவதில் வியப்பில்லை.

வீட்டுக்கும் தோட்டத்துக்கும் நேரும் நஷ்டம்

கணக்கிட்டுப் பார்ப்போம். 15 லிட்டர் வாளித் தண்ணீரில் லிட்டருக்கு 400 மில்லிகிராம் கடினம் இருப்பின், வாளியில் உள்ளது 6 கிராம். ஒரு கிராமை முறிக்க ஏறத்தாழ 6 கிராம் சோப்பு வேண்டும். அதாவது அந்த வாளித் தண்ணீர் முழுவதும் நுரை கொள்ளும் முன்னரே சுமார் 36 கிராம் சோப்பு வெள்ளைத் திப்பியாக வீணாகிவிடும். அத்திப்பி துணியிலும் படிந்து நிறத்தை மங்கச் செய்கிறது. சலவைத் தூள்களில் இத்தொல்லை சற்றுக் குறைவு.

பருப்பின் தோலிலும் சதையிலும் உள்ள பசைப்பொருளைச் சுண்ணாம்புச் சத்து இறுக்கிவிடுவதால் அது வேக நேரமாகிறது. எரிபொருள் கூடுதலாகச் செலவாகிறது. பாத்திரத்திலும் வெந்நீர்க் கலத்திலும் வெள்ளைப் படிவு கட்டி, வெப்பம் நீருக்குச் செல்வதைத் தடுக்கிறது. திராட்சைக்கும் வாழைக்கும் சொட்டுநீர் அமைத்த விவசாயிகளின் குழாய்த் துளைகளை அடைப்பதும் இப்படிவுதான்.

உடல்நலத்தைப் பொறுத்தவரை வீண் அச்சம் வேண்டா. உலக சுகாதார நிறுவனம், உடல்நலத்தைக் காரணமாகக் கொண்டு கடினத் தன்மைக்கு வரம்பு எதனையும் விதிக்கவில்லை. அஞ்சத்தக்கவை ஃபுளோரைடு, நைட்ரேட், நோய்க் கிருமிகள் ஆகியவையே. நுரை நன்றாக வருவதைக் கண்டு, "இது நல்ல தண்ணீர்" என்று இவற்றைச் சோதியாமல் விடுவது பெருந்தவறு.

வீட்டில் செய்யத்தக்கவை

முதலாவது, வீட்டுச் சோதனை. ஒரே அளவான இரு கண்ணாடிப் புட்டிகளில், ஒன்றில் மழைநீரையும் மற்றொன்றில் கிணற்று நீரையும் பாதியளவு ஊற்றி, சோப்புக் கரைசலைச் சம அளவில் சொட்டுச் சொட்டாக விட்டுக் குலுக்கிப் பார்க்கவும். நுரை நிலைக்கக் கூடுதல் சொட்டுகள் கேட்கும் நீரே கடின நீர்.

இரண்டாவது, கொதிக்கவைத்தல். கடினத்தில் ஒரு பகுதி கொதித்தால் படிந்துவிடும். ஆறியபின் தெளிவை வடித்துக்கொள்ளலாம். மற்றொரு பகுதி கொதித்தாலும் போகாது. ஃபுளோரைடும் நைட்ரேட்டும் கொதிப்பதனால் நீங்குவன அல்ல.

மூன்றாவது, துணி துவைக்க மட்டும் நீரில் சிறிது சலவைச் சோடா கலந்து, கலங்கல் படிந்தபின் சோப்பிடுதல். இந்நீரைக் குடிக்கவோ சமைக்கவோ கூடாது.

நான்காவது, சுத்திகரிப்பு இயந்திரம் வாங்கும் முன் யோசித்தல். வீட்டு இயந்திரங்கள் பலவும் தாம் தரும் நீரைவிட அதிகமான நீரைக் கழிவாகத் தள்ளுகின்றன. குடிநீர்த் திட்டத்தின் மென்னீர் கிடைக்கும் வீட்டுக்கு அத்தகைய இயந்திரம் தேவையற்ற செலவு.

பஞ்சாயத்துகள் செய்யத்தக்கவை

ஊரிலுள்ள ஒவ்வொரு கிணற்றுக்கும் குழாய்க்கும் எண்ணிட்டுப் பட்டியல் தயாரிக்கவேண்டும். மழைக்கு முன் ஒருமுறையும் பின் ஒருமுறையும் சோதிக்கவேண்டும். 2019இல் தொடங்கப்பெற்ற ஜல் ஜீவன் இயக்கத்தில், கிராமத்துக்கு 5 பெண்களுக்குக் களச் சோதனைப் பெட்டியைக் கையாளப் பயிற்சியளிக்க ஏற்பாடு உண்டு. நீரில் நிறமூட்டி, மருந்தைச் சொட்டாக விட, சிவப்பு நீலமாக மாறும் வரை ஆன சொட்டுகளை எண்ணினால் கடினம் தெரிந்துவிடும். எழுதப் படிக்கத் தெரிந்த எவரும் இதைச் செய்யலாம். ஐயம் எழும் மாதிரிகளைக் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்துக்கு அனுப்பவேண்டும்.

புதிய ஆழ்துளைக் கிணற்றில், மோட்டாரும் தொட்டியும் வாங்கும் முன்னரே நீரைச் சோதித்தறிவது கட்டாயமாக வேண்டும். நீர் கடினமாயிருப்பின் திட்டத்தைக் கைவிட வேண்டியதில்லை. மென்னீரைக் குடிக்கவும் சமைக்கவும், கடின நீரைப் புழக்கத்துக்கும் கால்நடைக்கும் என்று தனிக் குழாய்களில் பிரித்துக் கொடுக்கலாம். இரண்டையும் ஒரே தொட்டியில் கலப்பது நல்ல நீரையும் கெடுப்பதாகும்.

நிலையான பரிகாரம் மழைநீரே. கண்மாயைத் தூர்வாரி, வரத்துக் கால்வாய்களின் அடைப்பை நீக்கி, ஓடைகளில் தடுப்பணை கட்டினால், புதுநீர் நிலத்தடியில் இறங்கிப் பழைய கடின நீரை ஆண்டுக்காண்டு இளக்கும். வீட்டுக் கூரை மழைநீர்ச் சேகரிப்பு 2003ஆம் ஆண்டு முதல் நம் மாநிலத்தில் கட்டாயமாகும். அதை ஏட்டளவில் நிறுத்தாமல் செயலில் காட்டவேண்டும்.

மார்ச் 22ஆம் நாள், உலகத் தண்ணீர் தினத்தன்று கிராம சபை கூடுகிறது. அன்று வரவு செலவுக் கணக்குடன் தண்ணீர்க் கணக்கையும் வாசியுங்கள்: எந்தக் கிணற்றில் எவ்வளவு கடினம், சென்ற ஆண்டினும் கூடியதா, குறைந்ததா என்று ஊரார் அறியட்டும். அவ்வாறு அறிந்த ஊரில், குழாயை விட்டுக் குடத்துடன் கண்மாய்க்கரைக்கு நடக்கும் நிலை எந்தத் தாய்க்கும் நேராது.