போல்ட் இல்லாமல் இணையும் தண்டவாளம்!

ரெயில் போகும்போது "தடக், தடக்" என்று சத்தம் கேட்பது ஏன்? போல்ட் போட்டு இணைத்த தண்டவாளங்களுக்கு நடுவே சிறு இடைவெளி இருக்கும். அதில் சக்கரம் மோதி மோதி, தண்டவாள முனை நசுங்கும், போல்ட்டும் தளரும். ஆபத்து!

போல்ட் இல்லாமலே இணைக்க வழி கண்டவர், ஜெர்மன் விஞ்ஞானி ஹான்ஸ் கோல்டுஷ்மிட். அலுமினியத் தூளுடன் இரும்புத் துரு போன்ற பொடியைக் கலந்து தீ மூட்டினார். துருவில் உள்ள பிராண வாயுவை அலுமினியம் பறித்துக்கொள்ளும். அப்போது 2,000 டிகிரிக்கு மேல் சூடு பிறக்கும். இரும்பு குழம்பாக உருகும்.

தண்டவாள முனைகளைச் சுற்றி அச்சுக் கட்டி, அந்தக் குழம்பை ஊற்றுவார்கள். ஆறினால், இரண்டும் ஒன்றே! 1899-ம் ஆண்டு எஸ்ஸன் நகர டிராம் பாதையில் முதன்முதலாக இப்படி இணைத்தார்கள்.

உள்ளே சிறு காற்றுக் குமிழி நின்றாலும் இணைப்பு உடையலாம். எனவே ஒலி அலை செலுத்திச் சோதிக்கிறார்கள். அதன்மேல் போவது எத்தனை உயிர்கள்!