ரவிவர்மாவின் தங்கையும் ஓவியர்தான்

போடி, சின்னமனூர், கம்பம் என்று தேனி மாவட்டப் பள்ளத்தாக்கின் பழைய வீடுகளில், பூஜை அறைத் தாமரைமேல் நிற்கும் லட்சுமி பெரும்பாலும் ரவிவர்மா வழியில் வந்தவள்தான். 1894-இல் பம்பாயில் தொடங்கிய அவருடைய அச்சகம், ஒவ்வொரு நிறத்துக்கும் தனிக்கல் வைத்து ஒற்றி எடுத்த படங்கள் நாடெங்கும் பரவின. தென்னாட்டு வீட்டுப் பெண்கள் அந்தப் படத்துச் சேலைக்கு ஜரிகை தைத்து, நகைக்கு ஜிகினா ஒட்டிக் கண்ணாடிச் சட்டம் போட்டார்கள். வரைந்தவர் பெயர் ஊரறிந்தது. ஜிகினா ஒட்டிய கையைக் கேட்பாரில்லை. மேற்கு மலைக்கு அப்பால், ரவிவர்மா பிறந்த கிளிமானூர் அரண்மனையிலும் நடந்தது ஏறக்குறைய இதுதான். அவருடைய தங்கை மங்களாபாய் தம்புராட்டி எண்ணெய் வண்ணத்தில் உருவப்படம் தீட்டியவர். அவருக்குக் குறைந்தது திறமை என்று நான் நினைக்கவில்லை. வெளியே போகும் வழிதான்.

அந்த வீட்டில் கலைக்குப் பஞ்சமே இல்லை. தாயார் உமையம்பா கவிதை எழுதியவர். தாய்மாமன் ராஜராஜவர்மா ஓவியர். அவருக்குக் கற்றுக்கொடுத்தவர் மதுரை அழகிரி நாயுடு. (தேனி அன்று மதுரை மாவட்டம், ஆக, இந்தக் கதையில் நம் பக்கத்துக்கும் கொஞ்சம் பங்குண்டு.) ஆனால் எண்ணெய் வண்ணத்தின் சூட்சுமம் வீட்டில் கிடைக்கவில்லை. திருவிதாங்கூர் அரண்மனை ஓவியர் ராமசாமி நாயக்கர் சொல்லித்தர மறுத்தார். 1868-இல் அங்கே வந்த ஐரோப்பிய ஓவியர் தியோடர் ஜென்சனும் கற்பிக்கவில்லை. தான் வரைவதைப் பக்கத்தில் நின்று பார்க்க மட்டும் அனுமதித்தார். இருபது வயது ரவிவர்மாவுக்கு அது போதுமாக இருந்தது. அந்தப்புரப் பெண் ஒருத்தி அப்படிப் போய் நின்றிருக்க முடியுமா? பிறகு 1873-இல் வியன்னாவில் பரிசு, அடுத்தடுத்து பரோடா, மைசூர் என்று சமஸ்தானங்கள். உருவப்படம் என்பது ஊர் ஊராய்ப் போய்ச் செய்த தொழில். தம்பி சி. ராஜராஜவர்மா கூடவே பயணம் செய்து, கூடவே வரைந்து, நாட்குறிப்பும் எழுதி வைத்தார். தங்கை கிளிமானூரிலேயே இருந்தார்.

அங்கே இருந்த பெண்வழி மரபான மருமக்கள்தாய முறையில் பெண்ணுக்குத்தானே முதலிடம் என்று ஒருவர் கேட்கலாம். உண்மைதான். ரவிவர்மாவின் மகள் மகாபிரபையின் மகள் சேதுலட்சுமிபாய் 1900-இல் திருவிதாங்கூர் அரச குடும்பத்துக்குத் தத்துப்போய், 1924 முதல் 1931 வரை ஆட்சியே நடத்தினார். ஆனால் வம்சம் பெண்வழி வளர்ந்ததால்தான் பெண் தறவாட்டை, அதாவது தாய்வழிக் குடும்ப வீட்டை விட்டு நகர முடியாமல் போனது. அதே மகாபிரபை, கைக்குழந்தையோடு அப்பாவின் 1893-ஆம் ஆண்டு ஓவியத்தில் நிற்கிறார். அரண்மனைப் பெண் படத்துக்குள் வரத் தடையில்லை. படத்தோடு ஊர் சுற்றத்தான் தடை. லண்டனும் அப்போது ஒன்றும் மேலில்லை. ராயல் அகாடமி பள்ளியில் 1860-இல் லாரா ஹெர்ஃபோர்டு சேர முடிந்தது, முதலெழுத்தை மட்டும் போட்டு, பெண் என்பதை மறைத்து ஓவியங்களை அனுப்பியதால்தான்.

வீட்டுக்குள் இருந்தே சுனயனி தேவி புகழ்பெறவில்லையா என்பது இதைவிட வலுவான கேள்வி. முப்பது வயதுக்குமேல் தூரிகை எடுத்த அந்தத் தாகூர் குடும்பப் பெண்ணின் படங்கள் 1922-இல் கல்கத்தாக் கண்காட்சியில் ஐரோப்பிய நவீன ஓவியங்களோடு தொங்கின. ஆனால் அவருடைய அண்ணன்கள் ககனேந்திரநாத்தும் அவனீந்திரநாத்தும் கண்காட்சி நடத்தும் சங்கத்தையே வளர்த்தவர்கள். ஸ்டெல்லா கிராம்ரிஷ் போன்ற விமர்சகர் அவரைப் பற்றி எழுதினார். தாகூர்களின் ஜோராசாங்கோ வீட்டுக்கு வெளியுலகமே நடந்து வந்தது. கிளிமானூருக்கு வரவில்லை. சில படங்களை வைத்து மங்களாபாயை அண்ணனுக்கு நிகர் என்று சொல்லிவிட முடியாதுதான். நானும் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் எழுதப்படாத தேர்வில் அவர் தேறவில்லை என்று மதிப்பெண் போடுவதும் நியாயமில்லை.

அவர் தீட்டிய ரவிவர்மாவின் உருவப்படம் திருவனந்தபுரம் அரசு ஓவியத் தொகுப்பில் இருக்கிறது. அந்த நகரின் மிருகக்காட்சிசாலை வளாகத்தில் 2023-இல் ரவிவர்மாவுக்கெனத் தனிக்கூடமும் திறந்திருக்கிறார்கள். குமுளி வழியாகப் பத்மநாபசாமி கோயிலுக்குப் போகிறவர்கள் அங்கேயும் ஒருமுறை நுழையுங்கள். அண்ணனை வரைந்த தங்கையின் படம் எது என்று கேட்டுப் பாருங்கள். திங்கட்கிழமை விடுமுறை.