வறட்சி தாங்கும் விதை: பலனை அளக்கும் வழி

மானாவாரி நிலத்தில் உழைப்பவர் விதைக்கும்போதே இரண்டு கணக்குகளை மனத்தில் போட்டுக்கொள்கிறார். மழை பெய்தால் வருவது எவ்வளவு என்பது ஒன்று; பொய்த்தால் மிஞ்சுவது எவ்வளவு என்பது மற்றொன்று. பெருநிலம் உடையவர் முதற்கணக்கை மட்டும் பார்த்துக் காலந்தள்ளலாம். இரண்டு ஏக்கரில் குடும்பம் நடத்துபவருக்கோ இரண்டாவது கணக்கே உயிர்நாடி. வறட்சி தாங்கும் பயிர் ரகங்களைப் பரப்பும் திட்டங்கள் யாவும் இந்த இரண்டாவது கணக்கைத் திருத்தித் தருவதாகவே வாக்களிக்கின்றன. அவ்வாக்கு எந்த அளவுக்கு நிறைவேறியது என்பதை ஆராய்வது, விதை வாங்குவோருக்கும் விதை வழங்கும் சங்கங்களுக்கும் இன்றியமையாத கடமையாகும்.

பதின்மூன்று நாடுகளின் முயற்சி

இவ்வகைத் திட்டங்களுள் மிகப் பெரியதொன்று ஆப்பிரிக்காவில் நடந்தேறியது. மெக்சிகோவிலுள்ள சர்வதேச மக்காச்சோள, கோதுமை அபிவிருத்தி நிலையமும், நைஜீரியாவிலுள்ள சர்வதேச வெப்பமண்டல வேளாண்மை நிலையமும் இணைந்து, பதின்மூன்று நாடுகளின் ஆராய்ச்சி நிலையங்களின் துணையோடு இதனை நடத்தின. சிறு விவசாயிகளின் மகசூலை 20 முதல் 30 சதவீதம் வரை உயர்த்துவதும், 3 முதல் 4 கோடி மக்களுக்குப் பயன் அளிப்பதும் திட்டத்தின் குறிக்கோள்கள். 2007 முதல் 2013 வரை 160 ரகங்கள் வெளியிடப்பட்டன. அவற்றுள் ஆண்டுதோறும் புதிதாய் வாங்க வேண்டிய ஒட்டு ரகங்களும் உண்டு. விவசாயி தம் விளைச்சலிலிருந்தே விதை எடுத்து வைக்கத்தக்க ரகங்களும் உண்டு.

அங்கே மக்காச்சோளம் மக்களின் அன்றாட உணவு. நமக்கு நெல் எப்படியோ, மலாவி, ஜாம்பியா, ஜிம்பாப்வே நாட்டாருக்கு அது அப்படி. அதன் பெரும்பகுதி வானம் பார்த்த நிலத்திலேயே விளைகிறது. ஆகவே ஒரு பருவமழை தவறினால் களஞ்சியம் வெறுமையாகிவிடும்.

விதையின் இயல்பு

மக்காச்சோளச் செடியில் ஆண் பூங்கொத்து உச்சியிலும், பெண் கதிர் நடுத்தண்டிலும் தோன்றும். கதிரின் நுனியில் வெளிவரும் பட்டுப் போன்ற இழைகளில் மகரந்தம் வந்து படிந்தால்தான் மணி பிடிக்கும். பூக்கும் தருணத்தில் ஈரம் குன்றினால், மகரந்தம் உதிரும் நாளுக்கும் இழை வெளிவரும் நாளுக்கும் இடைவெளி நீண்டுவிடுகிறது. இழை வரும்போது மகரந்தம் தீர்ந்திருக்கும், கதிர் பொக்காகும். மழையில்லாப் பருவத்தில் பயிரிட்டு, பூக்கும் வேளையில் வேண்டுமென்றே பாசனத்தை நிறுத்தி, அந்நிலையிலும் மணி பிடிக்கும் செடிகளைத் தெரிந்தெடுத்துப் பல தலைமுறைகளாகப் பெருக்கியே இவ்விதைகளை உருவாக்கினர்.

வறட்சியைத் தாங்குவது வேறு. வறட்சியிலிருந்து தப்புவது வேறு. குறுகிய வயதுடைய ரகம், ஈரம் தீருமுன் விளைந்து தப்பிக்கொள்கிறது. பரமக்குடி ஆராய்ச்சி நிலையத்திலிருந்து 2009இல் வெளிவந்த அண்ணா 4 நெல் நூறு நாட்களை ஒட்டிய வயதுடையது. எவ்வகை வறட்சி தம் ஊரில் நேர்கிறது என்று அறிந்தே ரகத்தைத் தேர்ந்துகொள்ள வேண்டும். எந்த ரகமும் தண்ணீரே இல்லாமல் விளைந்துவிடாது.

ஒப்பிடும் முறை

புதிய விதையை விதைத்தவரின் விளைச்சலையும், விதைக்காதவரின் விளைச்சலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பலன் தெரிந்துவிடாதா என்று கேட்கலாம். அவ்வளவு எளிதன்று. புதிய விதையை முதலில் வாங்குவோர் பெரும்பாலும் கையில் பணமும், நல்ல நிலமும், சந்தைக்கு அருகில் வீடும் உடையோர். பழைய விதையை இட்டாலும் அவர்கள் அயலாரைவிடக் கூடுதலாகவே அறுத்திருப்பர். ஆகவே நிலம், உரம், கல்வி, குடும்ப ஆட்பலம் ஆகியவற்றில் ஒத்தவர்களைத் தெரிந்தே ஒப்பிடல் வேண்டும். இன்னும் உறுதியான முறை, குலுக்கல் முறையில் சில ஊர்களுக்கு விதை கொடுத்து, சில ஊர்களைக் கொடாது வைத்துப் பார்ப்பது.

மற்றொரு சிக்கலும் உண்டு. இவ்விதையின் அருமை வறட்சி ஆண்டில்தான் வெளிப்படும். நல்ல மழை ஆண்டில் மட்டும் அளந்தால் திட்டம் வீண் என்று தோன்றும். கொடிய வறட்சியில் மட்டும் அளந்தால் அற்புதம் என்று தோன்றும். பல பருவங்களை அளந்து, சராசரியோடு ஏற்ற இறக்கத்தையும் காண்பதே நேர்மையான கணக்கு.

கண்ட பலன்

நைஜீரியாவில் நடந்த ஓர் ஆய்வில், இவ்விதையை மேற்கொண்டோரின் மகசூல் 13.3 சதவீதம் உயர்ந்ததாகக் கண்டனர். இவ்வுயர்வு திட்டம் குறித்த 20 சதவீதத்தை எட்டவில்லை. ஆயினும் விளைச்சலின் ஏற்ற இறக்கம் 53 சதவீதமும், விளைச்சல் அடியோடு சரியும் அபாயம் 81 சதவீதமும் குறைந்தன. சிறு விவசாயிக்கு இப்பின்னிரண்டு எண்களே பெரிய செய்தி. உகாண்டாவில் மகசூல் 15 சதவீதம் கூடியது; பயிர் பொய்க்கும் வாய்ப்பு 30 சதவீதம் குறைந்தது. ஜிம்பாப்வேயின் தென்கிழக்கு வறண்ட பகுதியில் ஹெக்டேருக்கு 617 கிலோ கூடுதலாக, அதாவது ஏக்கருக்கு ஏறத்தாழ 250 கிலோ, கிடைத்தது. ஒரு குடும்பத்துக்கு ஒன்பது மாதங்களுக்கு மேற்பட்ட உணவு அது என்று ஆய்வாளர் கணக்கிட்டனர்.

ஆனால் வறட்சி ஒன்றே விவசாயியின் பகையன்று. 2011இல் கென்யாவில் காணப்பட்ட கொடிய நச்சுயிரி நோயும், 2016இல் ஆப்பிரிக்காவில் நுழைந்த படைப்புழுவும், வறட்சி தாங்கும் பயிரையும் விட்டுவைக்கவில்லை.

யாருக்கு எட்டவில்லை?

விதை நல்லதாயின் எல்லோரும் எடுத்துக்கொள்வர் என்பது பிழையான எண்ணம். ஆறு நாடுகளில் நடத்திய ஓர் ஆய்வில், இவ்விதை இடப்பட்ட மக்காச்சோள வயல்கள் மலாவியில் 61 சதவீதமாகவும், ஜிம்பாப்வேயில் 9 சதவீதமாகவும் இருந்தன. மலாவியில் அரசாங்கம் மானிய விலையில் விதையும் உரமும் வழங்கிவந்தது. மற்ற இடங்களில் விதை ஊருக்கு வந்து சேராமை, அதிக விலை, கைப்பணமின்மை, ரகத்தைப் பற்றிய விவரம் தெரியாமை ஆகியவையே தடைகள் என விவசாயிகள் கூறினர். இத்தடைகளுள் ஒன்றேனும் ஆராய்ச்சி நிலையத்தில் தீர்க்கக்கூடியதன்று. வழங்கும் ஏற்பாட்டிலேயே தீர்க்க வேண்டியவை இவை.

மொசாம்பிக், டான்சானியா நாடுகளில் மூன்றாண்டுச் சோதனை ஒன்று நடந்தது. பருவத்தின் நடுவில் வந்த வறட்சியை விதை தாங்கிற்று. அதற்கு அப்பாற்பட்ட பெருநஷ்டத்தை அதனால் தாங்க இயலவில்லை. அவ்வாறு நஷ்டப்பட்டோரில், விதை மட்டும் பெற்றிருந்தவர்கள் அடுத்த பருவத்தில் பின்வாங்கினர். விதையோடு காப்பீடும் பெற்றிருந்தவர்கள் மீண்டெழுந்து சாகுபடியைத் தொடர்ந்தனர்.

ஒடிசாவின் பாடம்

வெள்ளத்தைத் தாங்கும் ஸ்வர்ணா சப்-1 நெல்லை, ஒடிசாவில் 2011இல் 64 கிராமங்களில் தெரிந்தெடுத்த விவசாயிகளுக்கு ஐந்து கிலோ வீதம் கொடுத்து, வேறு 64 கிராமங்களோடு ஒப்பிட்டுச் சோதித்தனர். வெள்ளப் பயம் குறைந்ததும், அவ்விவசாயிகள் அடுத்த ஆண்டில் கூடுதல் நிலத்தில் பயிரிட்டனர், கூடுதலாக உரமிட்டனர், நேர் விதைப்பை விட்டு நடவை நாடினர், சாகுபடிக் கடனையும் அதிகம் பயன்படுத்தினர். கடனைத் திருப்ப முடியாமற் போகுமோ என்ற அச்சமே பலரை முதலீட்டிலிருந்து விலக்கி வைத்திருந்தது என்பது இதனால் புலனாகிறது. வறட்சிக்கும் இது பொருந்தும் என்று எதிர்பார்க்க நியாயமுண்டு.

சங்கங்கள் செய்யத்தக்கவை

அங்கத்தினர்களுக்குப் புதிய விதை வழங்கும் ஒவ்வொரு சங்கமும் சிறிய அளவிலேனும் தானே கணக்கெடுக்கலாம். ஒரே வயலில் பழைய ரகமும் புதிய ரகமும் அடுத்தடுத்து விதைக்கச் செய்து, சமபரப்பை அறுத்து எடை போட்டு, மழை விழுந்த நாட்களோடு சேர்த்துப் பதிவேட்டில் எழுத வேண்டும். குறைந்தது மூன்று பருவங்களாவது தொடர வேண்டும். விதை பெற்றோரின் பட்டியலைப் பார்த்து, அதில் குறுநிலக்காரரும், பெண் விவசாயிகளும், குத்தகைதாரரும் எத்தனை பேர் என்று எண்ண வேண்டும். முதல் ஆண்டில் வாங்கியவர் அடுத்த ஆண்டும் வாங்கினாரா, இல்லையெனில் ஏன் என்று கேட்டறிய வேண்டும்.

பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டம் 2020ஆம் ஆண்டின் காரிப் பருவம் முதல் கடன் பெற்றோருக்கும் விருப்பத்தைப் பொறுத்ததாகிவிட்டது. ஆகவே விதை வழங்கும் நாளிலேயே காப்பீட்டின் விவரத்தையும், கடைசித் தேதியையும் எடுத்துச் சொல்வது சங்கத்தின் பொறுப்பாகிறது.

விதை, கடன், காப்பீடு, செய்தி ஆகிய நான்கையும் ஒரே வாசலில் தரத்தக்க அமைப்பு கூட்டுறவுச் சங்கமே. மழை பொய்த்த ஆண்டிலும் அங்கத்தினர் வீட்டில் அடுத்த அறுவடை வரை தானியம் இருந்ததா, அவர் கடன் தவணை தவறாமல் நின்றதா என்பவையே இத்திட்டங்களை மதிப்பிடும் அளவுகோல்கள். இவற்றுக்கு விடை தரும் பதிவேடு ஒவ்வொரு சங்கத்திலும் இருப்பதாக.