குஞ்சுகள் ஒன்றையொன்று கொத்துவதைத் தடுத்தல்

கோழிக் குஞ்சுகளுக்கு நோய் கண்டால் உடனே மருந்து தேடுகிறோம். ஆனால், நோய் எதுவும் இல்லாதபோதும் குஞ்சுகள் ஒன்றையொன்று கொத்திக் கொன்றுவிடுவதுண்டு. முதல் நாள் ஒரு குஞ்சின் முதுகிற் சிறு புண் தோன்றும். மறுநாள் அக்குஞ்சு இறந்து கிடக்கும். ஒரு கிழமைக்குள் வேறு பல குஞ்சுகளும் அவ்வாறே மடியும். முட்டைக் காசை நம்பி இருபது முப்பது குஞ்சுகளை வாங்கி வளர்க்கும் குடும்பத்துக்கு இது பெரும் நட்டமாகும். "பொல்லாத குஞ்சு" என்று ஒன்றைப் பிடித்து அகற்றுவதால் மாத்திரம் இத்தீங்கு நீங்காது. பெரும்பாலும் குறை வளர்ப்பு முறையிலேயே இருக்கும்.

சண்டை வேறு, கொத்துதல் வேறு

சில கிழமை வயதான குஞ்சுகள் எதிரெதிரே நின்று, கழுத்திறகைச் சிலிர்த்து, நெஞ்சோடு நெஞ்சு மோதிப் பாய்ந்து, உடனே பிரிந்துவிடுவதைக் காணலாம். இஃது இயற்கையே. கூட்டத்தில் எது முந்தியது, எது பிந்தியது என்னும் வரிசையைக் கோழிகள் இவ்வாறு தம்முள் வகுத்துக்கொள்கின்றன. நோர்வே நாட்டு அறிஞர் ஷெல்டெரூப்-எப்பே இவ்வரிசையை ஆராய்ந்து 1921ஆம் ஆண்டில் விளக்கினார். வரிசை நிலைபெற்றதும் சண்டை தணியும். இரத்தம் காணாதவரை இதிற் தலையிட வேண்டியதில்லை.

இறகு பிடுங்குதலும் புண்ணைக் கொத்துதலும் இதனின் வேறானவை. இங்கு சிலிர்ப்பும் பாய்ச்சலும் இல்லை. ஒரு குஞ்சு சும்மா நிற்க, மற்றொன்று அதன் வாலையோ முதுகையோ கால்விரலையோ கொத்திக்கொண்டிருக்கும். இது கோபத்தாற் செய்வதன்று. நமது கோழியின் மூதாதையான செங்காட்டுக்கோழி பகலிற் பெரும்பொழுதை நிலத்தைக் கிளறி இரை கொத்துவதிலேயே கழிக்கும். அவ்வியல்பு குஞ்சுக்கும் உண்டு. கொத்துவதற்கு வேறு பொருள் இல்லாத வெறுங் கூட்டில் அது பக்கத்துக் குஞ்சின் இறகைக் கொத்துகிறது. இரத்தம் கசிந்துவிட்டாலோ, சிவப்பைக் கண்டு ஏனையவையும் கூடிவிடும்.

காரணங்களும் பரிகாரமும்

இடம்: நான்கு கிழமை வரை குஞ்சொன்றுக்கு அரைச் சதுர அடியும், எட்டுக் கிழமை வரை ஒரு சதுர அடியும் வேண்டும். குஞ்சுகள் வளர வளரக் கூட்டையும் பெருப்பித்தல் அவசியம். மெலிந்த குஞ்சுகளும் ஒரே வேளையில் உண்ணத்தக்கவாறு தீன் தொட்டிகளையும் நீர்ப் பாத்திரங்களையும் இரண்டு மூன்று இடங்களில் வைத்தல் வேண்டும்.

வெப்பம்: முதற் கிழமையில் 95 பாகை பரனைற்று (35 பாகை செல்சியசு) சூடு போதியது. பின் கிழமைதோறும் 5 பாகை பரனைற்று வீதம் குறைக்க வேண்டும். குஞ்சுகள் விளக்கை விட்டு விலகி, வாய் திறந்து மூச்சு வாங்கினாற் சூடு மிகை என்று அறிக. தகரக் கூரையின்கீழ் வெயிற் காலத்தில் இது அடிக்கடி நேரும். கூரைமேற் கிடுகு பரப்பி, பக்கங்களிற் காற்றோட்டம் விடுக.

வெளிச்சம்: கடும் வெளிச்சம் கொத்துதலைத் தூண்டும். மங்கலான அல்லது சிவப்பு விளக்கே ஏற்றது. நேர் வெயில் கூட்டினுள் விழுமாயின் சாக்கினால் மறைக்கலாம், காற்றைத் தடுத்தலாகாது.

தீன்: தவிடும் தேங்காய்ப் புண்ணாக்கும் மாத்திரம் தின்னும் குஞ்சுக்குப் புரதம் போதாது. அக்குறையினால் அது இறகை நாடும். வாங்கும் குஞ்சுத் தீனைத் தவிடு கலந்து பெருக்குதல் ஆகாது. வீட்டிலே தீன் கலப்போர் மீன் தூளும் எள்ளுப் புண்ணாக்கும் சேர்ப்பாராக. உப்புக் குறைவும் கொத்துதலுக்குக் காரணமாகும். ஆயினும் மிகையான உப்பு குஞ்சுகளுக்கு நஞ்சாகும். ஆதலின் கண்மதிப்பாக உப்பிடுதல் கூடாது.

வேலை: முருங்கையிலை அல்லது கீரைக் கட்டைக் குஞ்சின் தலை உயரத்திற் கட்டித் தொங்கவிடுக. தரையில் உலர்ந்த உமியோ மரத்தூளோ பரப்பி, அதன்மேற் சிறிது குறுனல் தூவுக. கிளறிக்கொண்டிருக்கும் குஞ்சு பிறிதொன்றைக் கொத்தாது.

இவற்றுடன் பேன், செள் உண்டோ என்று இறகை விலக்கிப் பார்த்தலும் வேண்டும்.

இரத்தம் கண்டவுடன்

புண்பட்ட குஞ்சை அக்கணமே வேறாக்குக. கொதித்து ஆறிய நீரில் உப்புக் கரைத்துப் புண்ணைக் கழுவி, வேப்பெண்ணெயிற் குழைத்த மஞ்சளைப் பூசலாம். புண் ஆறி இறகு மூடும்வரை கூட்டத்திற் சேர்த்தலாகாது. புண் ஆழமாயின் மிருக வைத்தியரிடம் காட்டுக. கொத்தும் குஞ்சு ஒன்றேயெனத் தெளிவாகத் தெரிந்தால் அதனையும் சில நாள் பிரித்து வைக்கலாம்.

சொண்டு வெட்டுதலைச் சிலர் முதற் பரிகாரமாகக் கொள்வர். சொண்டில் நரம்புகள் உள்ளன; வெட்டினாற் குஞ்சுக்கு நோவுண்டாகும். பழகாத கையினால் ஆழமாக வெட்டப்பட்ட குஞ்சு தீன் பொறுக்க மாட்டாது மெலியும். சொண்டை வெட்டினாலும் நெருக்கடியும் புரதக் குறைவும் அப்படியே இருக்கும்.

புதிய குஞ்சுகளைச் சேர்த்தல்

வெளியிலிருந்து கொண்டுவந்தவற்றை இரண்டு கிழமையாவது புறம்பாக வைத்து, நோயில்லை என்று கண்ட பின்னரே சேர்த்தல் வேண்டும். ஒரே பருமனுள்ள குஞ்சுகளைத் தெரிந்து, ஒன்றை மாத்திரம் விடாது பலவற்றை ஒருங்கே, பொழுது பட்டபின் விடுதல் நன்று. எட்டுப் பத்துக் கிழமையில் இளஞ் சேவல்களைப் பேடுகளினின்றும் பிரித்துவிட்டாற் பேடுகள் தொல்லையின்றி வளரும்.

காலையும் மாலையும் சிறிது நேரம் கூட்டின் அருகில் நின்று குஞ்சுகளைப் பார்த்தல் செலவற்ற காவலாகும். பிடுங்கப்பட்ட இறகு ஒன்றைக் கண்ட அன்றே இடம், சூடு, வெளிச்சம், தீன் ஆகிய நான்கையும் சோதிப்போர் பின்னர் இறந்த குஞ்சுகளை எண்ண நேராது.