வேரில்லாத முடிக்கு வேறு பக்குவம்

சொல்லவே வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் சொல்கிறேன். இன்னொரு வீட்டில் இப்படி நடக்கக்கூடாது, பாருங்கள்.

என் நாத்தனாருக்கு மார்பில் கட்டி. நம் பக்கத்து ஜனங்கள் பலரும் போகிற பெங்களூர் கித்வாய் ஆஸ்பத்திரியில்தான் வைத்தியம். போய்வர வசதி என்று ஓசூரில் எங்கள் வீட்டிலேயே தங்க வைத்துக் கொண்டோம். முதல் கீமோ ஊசி போட்டுப் பதினெட்டாம் நாள், தலையணை பூராவும் முடி. சிப்காட்டில் ஒரு கம்பெனியில் கணக்கெழுதுகிறவள் அவள். "அண்ணி, இந்தத் தலையோட நான் ஆபீஸ் வாசப்படி மிதிக்க மாட்டேன்" என்று ஒரே அழுகை. இரண்டு மாதச் சம்பளத்துக்கு மேல் கொடுத்து, அசல் முடியில் செய்த விக் ஒன்று வாங்கி வந்தோம். கடைக்காரர் சொன்னதெல்லாம், "ஷாம்பு போட்டுக் கழுவிக்கலாம்மா" என்ற ஒரு வார்த்தைதான்.

வேலைக்குத் திரும்ப வேண்டிய திங்கட்கிழமைக்கு முதல் நாள், நான்தான் அதை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முடி என்றால் சீயக்காய்தானே? போர் தண்ணீரைச் சுடச்சுடக் காய்ச்சி, சீயக்காய்த்தூளைப் போட்டு அரக்கித் தேய்த்து, துணி பிழிகிற மாதிரி பிழிந்து, தேங்காயெண்ணெயும் தடவி, மொட்டை மாடி வெயிலில் போட்டேன். சாயங்காலம் போய்ப் பார்த்தால் தேங்காய் நார் மாதிரி ஒரே சிக்கு. அவள் என்னை ஒரு சொல் சொல்லவில்லை. மறுநாள் துப்பட்டாவைத் தலையில் சுற்றிக்கொண்டு கிளம்பினாள். திட்டியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும்.

பிறகு விக் பின்னத் தெரிந்த ஒரு பார்லர் அம்மா, நுனியில் நாலு விரல்கடை வெட்டிவிட்டு ஒருவிதமாக மீட்டுக் கொடுத்தார். அவர் சொல்லித்தான் காரணம் புரிந்தது.

ஒரு நீள முடியை விரலிடுக்கில் பிடித்து வேரிலிருந்து நுனிக்கு உருவுங்கள், வழுக்கும். நுனியிலிருந்து வேருக்கு உருவினால் சொரசொரக்கும். மீன் செதில் மாதிரி மேல்தோல் ஒரே பக்கம் படிந்திருப்பதுதான் காரணம். வெந்நீரும் தேய்ப்பும் அந்தச் செதில்களைத் தூக்கிவிட, ஒன்றோடொன்று மாட்டிக்கொள்கின்றன. திருப்பதியிலும் பழனியிலும் காணிக்கையாகக் கொடுக்கிற நீள முடிக்கு வெளிநாட்டில் கிராக்கி இருப்பதும் இதனால்தான். வேர் ஒரு பக்கம், நுனி ஒரு பக்கம் என்று ஒழுங்காக எடுக்க முடிகிறது. கடையில் இதை 'ரெமி' முடி என்பார்கள். சீப்பில் கழிந்த சிக்கு முடியை, நாம் பாத்திரக்காரனுக்குப் போடுவோமே, அதிலிருந்து செய்ததில் தலைகீழாகக் கலந்திருக்கும். அமிலத்தில் செதிலைக் கரைத்து, மேலே சிலிக்கோன் பூசிப் பளபளவென்று விற்பார்கள். நாலு கழுவலில் பூச்சு போய்விடும். வாங்கும்போதே கேட்டுக் கொள்ளுங்கள்.

நம் தலைமுடிக்கு வேர் எண்ணெய் கொடுக்கிறது, கெட்டுப்போன முடி உதிர்ந்து புதிதாக முளைக்கிறது. விக்குக்கு அந்த பாக்கியம் கிடையாது. கெட்டது கெட்டதுதான். பட்டுப் புடவையைப் பார்க்கிற மாதிரிதான் பார்க்க வேண்டும்.

இப்போது எங்கள் வீட்டில் செய்வது இது. தினம் கட்டினாலும் பதினைந்து நாளுக்கு ஒரு தடவைதான் கழுவுகிறோம். முதலில் அகலப் பல் சீப்பால் நுனியில் ஆரம்பித்து, கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறிச் சிக்கெடுக்க வேண்டும். ஈரத்தில் சீப்பே வைக்கக்கூடாது. எங்கள் போர் தண்ணீர் உப்பு, முடி விறைத்துப் போகிறது. அதனால் 2013-லிருந்து இந்தப் பக்கம் வருகிற ஒகேனக்கல் தண்ணீரில் ஒரு வாளி இதற்கென்றே பிடித்து வைக்கிறோம். மழைத் தண்ணீர் கிடைத்தால் இன்னும் விசேஷம். பச்சைத் தண்ணீரில் மிதமான ஷாம்புவைக் கரைத்து, விக்கை முக்கி, மேலிருந்து கீழாகத் தடவிவிட்டு அலசுகிறோம். கண்டிஷனரை முடியின் பாதிக்குக் கீழேதான் தடவ வேண்டும். அடியில் உள்ள வலையில் பட்டால் முடிச்சு இளகி முடி கழன்று வரும். எண்ணெய்க்கும் அதே கதைதான், தூசியும் சேரும். சீயக்காய்த்தூள் வலைக்கண்ணில் அடைந்துகொண்டு அரிப்பெடுக்கும். சீயக்காய் மேல் குற்றமில்லை, அது இடம் மாறிப் போனது என் குற்றம்.

கழுவினதும் பிழியாமல் டவலில் சுற்றி அழுத்தி, குப்புறக் கவிழ்த்த எவர்சில்வர் குடத்தின்மேல் மாட்டி, நிழலில் காற்றாட விடுகிறோம். வெயில் பட்டால் நிறம் வெளுக்கும். வலை ஈரமாக இருக்கும்போது பெட்டியில் வைத்தால் பூஞ்சை பிடிக்கும்.

அடுப்படிக்கு வரும்போது கழற்றிவிட வேண்டும். தாளிக்கிற நெருப்பில் நெற்றி முடி பொசுங்கினால் திரும்ப வளராது. படுக்கும்போதும் கழற்றிவிட வேண்டும். கீமோ நேரத்தில் தலைத்தோல் மெலிந்து எரிச்சலாயிருக்கும். சின்னப் புண் வந்தாலும் லேசில் ஆறாது. அடியில் மெல்லிய பருத்தித் தொப்பி போட்டுக்கொண்டால் உறுத்தாது. டாக்டரைக் கேட்காமல் பசை போட்டு ஒட்டவே கூடாது.

பூ வைக்கலாமா என்று கேட்பீர்கள். அவளும் அதைத்தான் முதலில் கேட்டாள். ஒரு முழம் மல்லிகை, பின்னின சடையில் மட்டும் செருகலாம். உச்சியில் ஊசி குத்தினால் வலை கிழியும்.

ஊசிகள் முடிந்து மூன்றாம் மாதம் அவளுக்குப் பூனை மயிர் மாதிரி முளைத்தது, அதுவும் சுருள் சுருளாக! "அண்ணி, இது யாரோட முடி?" என்று கண்ணாடி முன்னால் நின்று சிரித்தாள். விக் இன்னும் பீரோவில் இருக்கிறது. மாதம் ஒரு முறை நான்தான் எடுத்துக் காற்றாட வைக்கிறேன். கழுவுகிற வேலையை மட்டும் அவள் என்னிடம் கொடுப்பதில்லை.